ஐந்தரைக் கட்டைக்கு அங்கே என்ன வேலை?

கறுப்பும் வெள்ளையும்: பியானோ, கீபோர்டு கேள்வி பதில்

போன மாதம் பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதை நிரப்ப "ஜாஸ் பற்றியும் கேட்கலாம்" என்று ஒரு வரி போட்டுவைத்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால், அந்த ஒரு வரிக்காகத்தான் பலர் காத்திருந்தீர்கள் போலிருக்கிறது. அதிலும் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம். ஆகவே எந்த மாடல் கீபோர்டு வாங்கலாம் என்று எழுதியவர்கள் இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டுகளை சி, டி, ஈ என்றே எழுதுகிறேன். ஆர்மோனியப் பழக்கம் உள்ளவர்களுக்காக அங்கங்கே கட்டைக் கணக்கும் வரும். சி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. கறுப்பெல்லாம் அரை. ஜி ஷார்ப் என்று சொன்னாலும் ஏ ஃபிளாட் என்று சொன்னாலும் அதே ஐந்தரைக் கட்டைதான்.

கேள்வி: கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பியானோவில் ஐந்தாம் கிரேடு முடித்திருக்கிறேன், வீட்டில் 61 கட்டை கீபோர்டு இருக்கிறது. ஒரு ஜாஸ் புத்தகத்தில் 'மேஜர் பீபாப் ஸ்கேல்' என்று சி, டி, ஈ, எஃப், ஜி, ஜி ஷார்ப், ஏ, பி என எட்டு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். சி மேஜரில் ஜி ஷார்ப்புக்கு என்ன வேலை? இதற்கு எந்த கார்ட் போடுவது? தினமும் மேலும் கீழுமாய் ஓட்டுகிறேன், ஜாஸ் மாதிரியே கேட்கவில்லை.
மாணவர், நாகர்கோவில்

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் பரண்மேல் இருந்த என் பழைய நோட்டு ஒன்றைத் தேடி எடுத்தேன். 1987-ல் எழுதியது. சென்னையில் ஒரு ஹோட்டல் லாபியில் மாலை ஆறு மணியிலிருந்து பத்து வரை பியானோ வாசித்துக்கொண்டிருந்தேன். அங்கே தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு கேசட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனார். உறையில் ஒரு எழுத்துக்கூட இல்லை. உள்ளே முழுக்க ஜாஸ் பியானோ. இரவு வீட்டுக்கு வந்து, டேப் ரிக்கார்டரை நிறுத்தி நிறுத்தி, காதுக்கு எட்டியதை நோட்டு நோட்டாக எழுதினேன். ஓர் இறக்கத்தில் சி, பி, ஏ என்று வந்த கை, ஜிக்குப் போகிற வழியில் ஐந்தரைக் கட்டையைத் தொட்டுவிட்டுப் போனது. நான் அதை வட்டமிட்டு ஓரத்தில் "கை தவறிவிட்டது" என்று எழுதினேன். அவருக்கு நான் மார்க் போடுகிறேன்! அடுத்த பாட்டிலும் அதே இடத்தில் கை தவறியது. மூன்றாவதிலும். நாலாவது பாட்டில்தான் ரப்பரைத் தேடினேன்.

அந்தக் கட்டை ஏன் அங்கே வருகிறது என்பதைக் காலால் தட்டிப் பார்த்தால்தான் புரியும். நிதானமாகத் தாளம் போடுங்கள், ஒரு தட்டுக்கு இரண்டு நோட்டு. முதலில் வெறும் சி மேஜரில் மேல் சியிலிருந்து இறங்குங்கள். தட்டில் சி, நடுவில் பி. தட்டில் ஏ, நடுவில் ஜி. தட்டில் எஃப், நடுவில் ஈ. தட்டில் டி, நடுவில் சி. கீழே பிடித்திருப்பது சி கார்ட், அதாவது சி, ஈ, ஜி மூன்றையும் சேர்த்து அமுக்கியது. அதன் சொந்த நோட்டுகளான ஜி, ஈ, கீழ் சி மூன்றும் தட்டைத் தவறவிட்டுவிட்டு நடுவில் போய் விழுந்துவிட்டன. எஃபும் டியும் தட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டார் நின்றுகொண்டிருக்க, வழியோடு போனவர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்த கதைதான்.

இப்போது ஐந்தரைக் கட்டையைச் சேர்த்துக்கொண்டு இறங்குங்கள். தட்டில் சி, நடுவில் பி. தட்டில் ஏ, நடுவில் ஜி ஷார்ப். தட்டில் ஜி, நடுவில் எஃப். தட்டில் ஈ, நடுவில் டி. அடுத்த பாரின், அதாவது அடுத்த நாலு தட்டுச் சுற்றின், முதல் தட்டில் டாணென்று சி. தட்டில் விழுந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுங்கள்: சி, ஏ, ஜி, ஈ. நாலையும் ஒன்றாக அமுக்கினால் சி சிக்ஸ்த் கார்ட். நடுவில் விழுந்தவற்றைப் பொறுக்குங்கள்: பி, ஜி ஷார்ப், எஃப், டி. நாலையும் அமுக்கினால் பி டிமினிஷ்டு செவன்த்.

எந்த கார்ட் போடுவது என்று கேட்டீர்கள். போட வேண்டியது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பூக்காரம்மா மல்லிகையையும் கனகாம்பரத்தையும் மாற்றி மாற்றி வைத்துத் தொடுப்பாரே, அந்தச் சரம்தான் இந்த ஸ்கேல். ஒரு பூ சி சிக்ஸ்த், அடுத்த பூ டிமினிஷ்டு. ஏழு நோட்டை வைத்துக்கொண்டு இப்படித் தொடுக்க முடியாது, எங்கேயாவது ஒரே நிறப் பூ இரண்டு அடுத்தடுத்து வந்துவிடும். ஐந்தரைக் கட்டை சேர்ந்து எட்டானதால்தான் சரம் முறியாமல் வருகிறது.

இதை இப்படிப் பிரித்துக் காட்டியவர் பேரி ஹாரிஸ் என்ற ஜாஸ் பியானோக்காரர். 1929-ல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். அம்மா தேவாலயத்தில் பியானோ வாசித்தவர். சின்ன வயதிலேயே தன் வீட்டில் சக வாத்தியக்காரர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். 1960-ல் நியூயார்க் வந்தார். சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரும் பியானோக்காரர் பட் பவலும் நாற்பதுகளில் அந்த ஊரில் வாசித்த பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணிதான் கடைசிவரை அவருக்கு வேதம். நியூயார்க்குக்கு எதிர்க்கரையில், நியூஜெர்சியின் வீஹாக்கனில், நிக்கா சீமாட்டி என்று ஜாஸ் உலகம் அழைத்த பன்னோனிகாவின் வீட்டில் குடியிருந்தார். இன்னொரு ஜாஸ் பியானோக்காரரான தெலோனியஸ் மங்க் தன் கடைசி வருடங்களைக் கழித்ததும் அதே வீட்டில்தான். வீடு முழுக்கப் பூனைகள் வேறு. 1982-ல் மன்ஹாட்டனில் 'ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டர்' என்று ஓர் இடத்தைத் திறந்து ஐந்து வருடம் நடத்தினார். அது மூடிய பிறகும் வாரா வாரம் வகுப்பு எடுப்பதை விடவில்லை. கொரோனா வந்ததும் வகுப்பை இணையத்துக்கு மாற்றினார். 2021 டிசம்பரில், 92 நிறைய ஒரு வாரம் இருக்கும்போது காலமானார்.

உங்கள் புத்தகத்தில் உள்ள 'பீபாப் ஸ்கேல்' என்ற பெயர், டேவிட் பேக்கர் என்ற ஆசிரியரின் பாடநூல்கள் வழியாகப் பரவியது. ஹாரிஸ் இதே எட்டு நோட்டை 'சிக்ஸ்த் டிமினிஷ்டு ஸ்கேல்' என்றார். எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும். முதல் பெயரைக் கேட்டால் விரல் ஓடத்தான் பார்க்கும். இரண்டாவது பெயரைக் கேட்டால் இரண்டு கார்டும் கண்முன்னே வந்து நிற்கும்.

சரி, கையை வையுங்கள். வலது கையில் சி, ஈ, ஜி, ஏ. நாலு விரலையும் இந்த எட்டு நோட்டு ஏணியில் ஒரு படி ஏற்றுங்கள். சி டிக்கு, ஈ எஃபுக்கு, ஜி ஐந்தரைக்கு, ஏ பிக்குப் போகும். டி, எஃப், ஜி ஷார்ப், பி: டிமினிஷ்டு வந்துவிட்டது. இன்னொரு படி ஏற்றினால் ஈ, ஜி, ஏ, சி. அதே சி சிக்ஸ்த்தான், புரட்டிப் போட்டது. இன்னொரு படி: எஃப், ஜி ஷார்ப், பி, டி. மறுபடி டிமினிஷ்டு. இப்படியே எட்டுப் படியும் ஏறி மேல் சிக்கு வந்தால், வீடு, வாசல், வீடு, வாசல் என்று மாறி மாறி நடந்திருப்பீர்கள். சி சிக்ஸ்த் வீடு. டிமினிஷ்டு வாசல், அங்கே நின்றாலே உள்ளே வா என்று இழுக்கும். இந்த இழுப்பும் அமர்வும்தான் ஜாஸ் காதுக்கு வேண்டியது.

நெருக்கமாக அமுக்கினால் ஆர்மோனியப் பெட்டிபோலக் கேட்கும். அதனால் மேலிருந்து இரண்டாவது நோட்டை மட்டும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கி இடது கையிடம் கொடுத்துவிடுங்கள். சி, ஈ, ஜி, ஏவில் இறங்க வேண்டியது ஜி. கீழிருந்து ஜி, சி, ஈ, ஏ என்று ஆகும். அடுத்த படி ஜி ஷார்ப், டி, எஃப், பி. அடுத்தது ஏ, ஈ, ஜி, சி. அதற்கடுத்தது பி, எஃப், ஜி ஷார்ப், டி. வாத்தியக்காரர்கள் இதை டிராப் டூ என்பார்கள். உங்கள் 61 கட்டைக்கு இது தாராளமாகப் போதும். இந்த நாலை மட்டும் பெடல் போடாமல், மெட்ரோனோமை 50-ல் வைத்து, ஒரு வாரம் வாசியுங்கள். நாலு பேர் ஆளுக்கொரு குரலில் சேர்ந்து படியேறுவதுபோல் கேட்க வேண்டும். ஒரு குரல் முந்தினாலும் தெரிந்துவிடும். எனக்கு எப்போதும் முந்துவது வலது கைச் சுண்டுவிரல்.

ஒற்றை நோட்டாக ஓட்ட என் விரல் கணக்கு: ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்று, இரண்டு, மேல் சிக்கு மூன்று. கட்டைவிரல் சியிலும் எஃபிலும் ஏவிலும் விழும். இறங்கும்போது அதையே திருப்புங்கள்.

ஜாஸ் மாதிரி கேட்கவில்லை என்றீர்கள். சியில் தொடங்கிச் சியில் முடிப்பதை முதலில் நிறுத்துங்கள், அது தண்டால் எடுப்பது. ஏவில் தொடங்கி இறங்குங்கள், அடுத்த நாள் ஈயில், அதற்கடுத்த நாள் ஜியில். தட்டில் தொடங்கினால் போதும், வீட்டு நோட்டுகள் எல்லாம் தானாகத் தட்டில் விழும். டியில் தொடங்க ஆசையா? தட்டுக்கு நடுவில் தொடங்குங்கள். ஒரு தட்டின் இரண்டு நோட்டில் முதலாவது கொஞ்சம் நெட்டை, இரண்டாவது கொஞ்சம் குட்டை. அழுத்தம் குட்டைக்கு. இந்தக் குட்டை நெட்டையை எழுதிக் காட்ட முடியாது, கேட்டுத்தான் வர வேண்டும்.

கேள்வி: ஜாஸ்காரர்கள் சொல்லும் எட்டு நோட்டு மேஜர் பீபாப் ஸ்கேல், சங்கராபரணத்தில் இரண்டு தைவதத்தையும் சேர்த்ததுதானே? இதன் ராகப் பெயர் என்ன? நம்மிடம் இல்லாத எதையும் மேற்கத்தியர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கட்சி. போன மாதம் உங்கள் வரியைப் படித்ததுமே என் பேரனிடம் பந்தயம் கட்டிவிட்டேன்.
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை

ஐயா, முதல் வாக்கியம் சரி, பந்தயம்தான் இடிக்கிறது. 72 மேளம் என்னும் தாய் ராகங்களில் எதற்குமே ஒரு தைவதம்தான், ஆகவே சக்கரம் சக்கரமாகத் தேடினாலும் அங்கே இது அகப்படாது. அந்நிய ஸ்வரத்தை வாங்குகிற பாஷாங்க ராகங்கள் பக்கம் போனால் கொஞ்சம் உறவு தெரியும். சங்கராபரணத்தின் பிள்ளையான பிலஹரி, கைசிகி நிஷாதத்தை, அதாவது சின்ன நியை, வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லையா?

இதைவிட நெருக்கமான ஒன்று சொல்கிறேன். ஜி செவன்த் (ஜி, பி, டி, எஃப்) கார்டுக்கு ஜாஸ்காரர்கள் ஓட்டும் இன்னொரு எட்டு நோட்டு ஸ்கேல் உண்டு: ஜி, ஏ, பி, சி, டி, ஈ, எஃப், எஃப் ஷார்ப். ஜியைச் சட்ஜமாக வைத்துப் பாருங்கள். அரிகாம்போதியோடு காகலி நிஷாதம், அதாவது பெரிய நி. இரண்டு நிஷாதமும் வைத்திருக்கும் காம்போதி உங்களுக்கு உடனே ஞாபகம் வரும். ஆனால் காம்போதியில் அந்தக் காகலி 'ச நி ப த ச' என்ற பிடியில் வரும்போது ராகமே எதிரில் வந்து நிற்கும். ஜாஸில் அந்த எஃப் ஷார்ப்புக்கு அப்படி ஒரு முகமே கிடையாது. கணக்கை எட்டாக்க வந்த ஆள், தட்டுக்கு நடுவில் வந்துவிட்டுப் போய்விடும். நோட்டு ஒன்று, உத்தியோகம் வேறு.

பேரனிடம் சொல்ல ஒரு விஷயம் தருகிறேன். ஏழு ஸ்வரத்தை எட்டு அட்சரத்தில் அடைக்க வேண்டிய சிக்கல் நமக்கும் இருந்தது. முதல் சரளி வரிசையில் மேல் சட்ஜத்தைக் கூட்டி எட்டாக்கினோம். இறங்கும்போது அதே சட்ஜத்தை மறுபடி பிடித்துக்கொண்டு ஆரம்பித்தோம். அவர்கள் நடுவில் ஒரு கட்டையைச் செருகினார்கள்.

அந்தச் சரளி வரிசையையே, மாயாமாளவகௌளையை விட்டுவிட்டு, சங்கராபரண ஸ்வரத்தில் வாசித்து, பேரனை கார்ட் போடச் சொல்லுங்கள். ச வந்தால் சி சிக்ஸ்த். ரி வந்தால் பி டிமினிஷ்டு. க சிக்ஸ்த், ம டிமினிஷ்டு, ப சிக்ஸ்த். அடுத்து த. அதற்கும் சிக்ஸ்த்தான்! நி டிமினிஷ்டு, ச சிக்ஸ்த். மாறி மாறி வந்தது பாவுக்கும் தாவுக்கும் இடையில் மட்டும் அறுந்துபோகிறது. சரம் அறுகிற இடம் இதுதான், ஐந்தரைக் கட்டை போய் உட்காருவதும் இங்கேதான். கண் தெரியாத லண்டன்காரரான ஜார்ஜ் ஷியரிங், பாட்டின் மெட்டுக்குக் கீழே இரண்டு கையாலும் கார்டுகளை அடைத்து வாசித்துப் பேர் வாங்கினார். அதற்கும் இதே சிக்ஸ்த்தும் டிமினிஷ்டும்தான் மூலச்சரக்கு.

மைனருக்கும் இதே ஏற்பாடு. ஈயை ஈ ஃபிளாட் ஆக்கினால் போதும், கௌரிமனோகரியோடு இன்னொரு தைவதம். கட்சி விஷயத்தில் ஒன்று மட்டும்: நாலு நோட்டைச் சேர்த்து அமுக்கி, அடுத்த நாலுக்குத் தள்ளுகிற இந்த வித்தை அவர்களுடையதுதான் ஐயா. நாமும் கொடுத்திருக்கிறோம். ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் 1965-ல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தது ரவிசங்கரை நினைத்துத்தான். பந்தயப் பணத்தில் பாதியைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசிக்கிறேன். சி கார்டிலிருந்து டி மைனருக்குப் போகையில் நடுவில் சி ஷார்ப் டிமினிஷ்டு போட்டால் வெண்ணெயில் வழுக்கினதுபோல் இருக்கிறது. காரணம் தெரியவில்லை. மொத்தம் எத்தனை டிமினிஷ்டு மனப்பாடம் செய்ய வேண்டும்?
வாசகர், தூத்துக்குடி

மூன்று. பன்னிரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு நோட்டு, மூன்றோடு தீர்ந்தது. நாலு நோட்டும் சம தூரத்தில் இருப்பதால், எதை அடியில் வைத்தாலும் அதே கார்ட்தான்.

உங்கள் சி ஷார்ப் டிமினிஷ்டைப் பிடியுங்கள்: சி ஷார்ப், ஈ, ஜி, பி ஃபிளாட். பி ஃபிளாட்டை மட்டும் ஒட்டினாற்போல் இருக்கும் ஏவுக்கு இறக்குங்கள். ஏ செவன்த் வந்துவிட்டதா? ஏ செவன்த் டி மைனருக்குப் போகத்தானே துடிக்கும். அதன் தாயார் நடுவில் வந்து நின்றதால் உங்களுக்கு வழுக்குகிறது.

தாயார் என்று சும்மா சொல்லவில்லை. பி டிமினிஷ்டை எடுங்கள்: பி, டி, எஃப், ஜி ஷார்ப். ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு விரலை அடுத்த கட்டைக்கு இறக்க வேண்டும், மற்ற மூன்றும் அசையக் கூடாது. ஜி ஷார்ப்பை ஜிக்கு இறக்கினால் ஜி செவன்த். அதைத் திருப்பி வைத்துவிட்டு எஃபை ஈக்கு இறக்கினால் ஈ செவன்த். டியை இறக்கினால் டி ஃபிளாட் செவன்த். பியை இறக்கினால் பி ஃபிளாட் செவன்த். ஒரு தாய்க்கு நாலு பிள்ளை. ஹாரிஸ் வகுப்பிலும் இது குடும்பக் கதையாகத்தான் வரும். நாலு பிள்ளைகளும் ஒருவருக்கு உடம்பு சரியில்லாவிட்டால் இன்னொருவர் வேலைக்குப் போவார்கள். ஜி செவன்த் போக வேண்டிய இடத்துக்கு டி ஃபிளாட் செவன்த் போய், அங்கிருந்து சிக்கு இறங்கலாம்.

ஆனால் ஆராதனையில் வேண்டாம். நான் இளைஞனாக இருந்தபோது ஒரு கல்யாண ஆராதனையில், கடைசி ஆமெனுக்கு முன்னால் இந்த டி ஃபிளாட் செவன்த்தைப் போட்டு, அழகாக இருக்கிறதே என்று கொஞ்சம் பிடித்தும் வைத்தேன். ஆசீர்வாதம் சொல்ல எழுந்த போதகர், பாட்டு இன்னும் இருக்கிறது என்று நினைத்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். பேசிய பணத்தில் நூறு ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தார்கள்.

கேள்வி: பதினொரு வயது மகள் மூன்று வருடமாகப் பியானோ படிக்கிறாள். ஜாஸ் வாசித்தால் கை கெட்டுவிடும் என்று அவள் ஆசிரியர் சொல்கிறார். உண்மையா?
தாய், கோயம்புத்தூர்

இல்லை அம்மா. லண்டனின் ஏபிஆர்எஸ்எம் தேர்வு வாரியமே ஜாஸ் பியானோவுக்குத் தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. கை கெடுவது தோளைத் தூக்கிக்கொண்டு வாசிப்பதால். அதை மொசார்ட் வாசித்தும் கெடுத்துக்கொள்ளலாம். ஆனால் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இதைத் தொடங்காதீர்கள், ஆசிரியரின் கோபத்தில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

கேள்வி: கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. சியில் மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டால் போதாதா? பன்னிரண்டு கட்டையிலும் எதற்குப் பழக வேண்டும்?
வாசகர், ஈரோடு

பாட்டு முழுவதையும் ஒரு கட்டை ஏற்ற அந்தப் பட்டன் போதும். ஜாஸில் பாட்டுக்குள்ளேயே நாலு பாருக்குள் மூன்று ஸ்கேல் மாறும், அதற்கு எந்தக் கையால் பட்டனை அமுக்குவீர்கள்? அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் என்று ஒரு வரிசை அடிக்கடி வருகிறது. கை அங்கும் இங்கும் தாவுகிறது. ஜாஸ்காரர்கள் கையே அசையாததுபோல் வாசிக்கிறார்கள். எப்படி?
கலைஞர், சேலம்

முதல் கேள்விக்கான பதிலை ஒருமுறை படித்துவிட்டு இதற்கு வாருங்கள். ஒரு செவன்த் கார்டைப் பார்த்ததும் அதற்குள் எந்தச் சிக்ஸ்த் ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

டி மைனர் செவன்த் என்பது டி, எஃப், ஏ, சி. எஃபிலிருந்து எண்ணிப் பாருங்கள்: எஃப், ஏ, சி, டி. எஃப் சிக்ஸ்த். ஆக, அங்கே ஓட்ட வேண்டியது எஃபின் எட்டு நோட்டு ஸ்கேல்: எஃப், ஜி, ஏ, பி ஃபிளாட், சி, சி ஷார்ப், டி, ஈ.

ஜி செவன்த்துக்கு ஏ ஃபிளாட் மைனர் சிக்ஸ்த்தைப் பிடியுங்கள்: ஏ ஃபிளாட், பி, ஈ ஃபிளாட், எஃப். அடியில் பேஸ் ஜி. முகம் சுளிக்காதீர்கள். பியும் எஃபும் ஜி செவன்த்தின் சொந்த நோட்டுகள். மற்ற இரண்டும்தான் மிளகாய். காரம் வேண்டாதவர்கள் டி மைனர் சிக்ஸ்த் பிடிக்கலாம்: டி, எஃப், ஏ, பி. சாதுவாக இருக்கும்.

சி மேஜருக்கு சி சிக்ஸ்த் உண்டு, ஆனால் நான் ஜி சிக்ஸ்த் பிடிப்பேன்: ஜி, பி, டி, ஈ. பேஸில் சி இருந்தால் கார்ட் நிறைந்து மினுங்கும்.

இப்போது வலது கையை நடு சியில் வையுங்கள். கீழிருந்து சி, டி, எஃப், ஏ. இடது கையில் டி. இது முதல் கார்ட். சியைப் பக்கத்திலிருக்கும் பிக்கு இறக்குங்கள், டியை ஈ ஃபிளாட்டுக்கு ஏற்றுங்கள், எஃப் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், ஏவை ஏ ஃபிளாட்டுக்கு இறக்குங்கள். பி, ஈ ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட். இடது கையில் ஜி. இரண்டாவது கார்ட் முடிந்தது. இப்போது பி அசைய வேண்டாம், ஈ ஃபிளாட் டிக்கும், எஃப் ஈக்கும், ஏ ஃபிளாட் ஜிக்கும் இறங்கட்டும். பி, டி, ஈ, ஜி. இடது கையில் சி. மூன்று கார்டிலும் எந்த விரலும் ஒட்டினாற்போல் இருக்கும் அடுத்த கட்டையைத் தாண்டிப் போகவில்லை. நீங்கள் மேடையில் பார்த்த அசையாத கை இதுதான்.

மேல் குரலை மட்டும் தனியாக வாசித்துப் பாருங்கள்: ஏ, ஏ ஃபிளாட், ஜி. அதற்குள்ளேயே ஒரு சின்னப் பாட்டு இருக்கிறது. ஹோட்டலில் வாசித்த நாட்களில் இந்த மூன்று நோட்டு இறக்கத்தை எத்தனை ஆயிரம் தடவை வாசித்திருப்பேனோ தெரியாது, இன்னும் சலிக்கவில்லை.

இது கையில் ஏறிய பிறகு பன்னிரண்டிலும் மாற்றுங்கள், ஈரோட்டு வாசகரும் சேர்ந்துகொள்ளட்டும். சிக்கு அடுத்து எஃப், பிறகு பி ஃபிளாட், ஈ ஃபிளாட் என்று நாலாம் நோட்டாகத் தாவிக்கொண்டே போனால் ஒரு சுற்று வரும். ஒரு வாரத்துக்கு ஒன்று போதும், மூன்று மாதத்தில் சுற்று முடியும்.

கடைசி சியில் இரண்டு பார் நிற்க நேர்ந்தால், கார்டைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பி, டி, ஈ, ஜியிலிருந்து ஒரு படி ஏறி சி, ஈ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஏ. மறுபடி இறங்கி பி, டி, ஈ, ஜி. அது ஜி சிக்ஸ்த்தின் வாசல். பேஸ் கிட்டார்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், நீங்கள் வாசலுக்குப் போய் வருகிற வரையில் அவர் சியை விட்டு நகரக் கூடாது.